மருத்துவ ஏடும் ஓர் அமானிதமே!





“நமக்கு மறைக்க என்ன இருக்கிறது? சர்க்கரையும் இரத்த அழுத்தமும் இல்லாத வீடு எது?” மருத்துவமனையின் பதிவு மேசையில் ஆதார் எண்ணும் கைப்பேசி எண்ணும் கேட்கப்படும்போது நம்மில் பெரும்பாலோர் சொல்லிக்கொள்ளும் சமாதானம் இதுதான். படித்தவரும் சொல்கிறார், படிக்காதவரும் சொல்கிறார். அல்லாஹ்வுக்குத் தெரிந்த ஒன்று மனிதருக்கும் தெரிந்தால் என்ன என்று அதற்கு மார்க்கச் சாயம் பூசுவோரும் உண்டு.

இந்தச் சமாதானம் தவறானது. மார்க்கத்தின் அளவுகோலாலும் தவறு. நாட்டு நடப்பின் அளவுகோலாலும் தவறு. ஒரு மனிதரின் நோய் பற்றிய செய்தி அவருடைய உடைமை. அதை வாங்கி வைத்திருப்பவர் அரசாயினும், தனியார் மருத்துவமனையாயினும், காப்பீட்டு நிறுவனமாயினும், அவர் கையில் அது அமானிதம். அமானிதத்தைப் பெற்றவர் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். கொடுத்தவர் கணக்குக் கேட்க உரிமை பெற்றவர். இன்று நம் நாட்டில் வாங்குவது தடையின்றி நடக்கிறது. கணக்குச் சொல்வது நடக்கவில்லை. கேட்க வேண்டிய நாமோ, ‘மறைக்க என்ன இருக்கிறது’ என்று கூறி, வாங்கியவர்களுக்கு விடுதலைச் சீட்டு எழுதிக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

நன்மையை மறுக்கவில்லை

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுவோம். மருத்துவ ஏடுகள் கணினியில் பதியப்படுவதையோ, ஒரு மருத்துவமனையின் குறிப்பு மற்றொரு மருத்துவமனைக்குக் கிடைப்பதையோ நாம் எதிர்க்கவில்லை. நோயாளியை அழைத்துக்கொண்டு ஊர் ஊராக அலைந்தவர் எவரும் அதை எதிர்க்க மாட்டார். திட்டக்குடி அரசு மருத்துவமனையில் காட்டியவரை விருத்தாசலத்துக்கு அனுப்புவர். அங்கிருந்து கடலூருக்கோ சிதம்பரத்துக்கோ செல்ல நேரும். நிலை மோசமானால் புதுச்சேரி ஜிப்மர். வேறு சிலர் வெள்ளாற்றைக் கடந்து பெரம்பலூர், திருச்சி என்று போவர். ஒவ்வோரிடத்திலும் அதே இரத்தப் பரிசோதனை, அதே ஸ்கேன், அதே செலவு. பையில் திணித்து வைத்த சீட்டுகளில் பாதி காணாமற் போயிருக்கும். எந்த மருந்து ஒவ்வாது என்பது முதியவருக்கு நினைவிருக்காது. தொழுதூர் நெடுஞ்சாலையில் அடிபட்டு நினைவிழந்து கிடப்பவருக்கு அதைச் சொல்லவும் இயலாது.

ஓர் உயிரை வாழவைப்பது மனித இனம் முழுவதையும் வாழவைப்பதற்கு ஒப்பானது என்று அல்மாயிதா அத்தியாயத்தின் 32ஆம் வசனம் நமக்குக் கற்பிக்கிறது. அதற்குத் துணைசெய்யும் கருவியை மார்க்கத்தின் பெயரால் எவரும் தடுக்க முடியாது. ஆகவே ஏட்டைப் பகிரலாமா கூடாதா என்ற வாதத்தில் நாம் இறங்கவில்லை. யாருடைய அனுமதியோடு பகிர்கிறீர்கள்? யாருக்கு? எவ்வளவு? எவ்வளவு காலத்துக்கு? தொலைந்தால் யார் பொறுப்பு? கருவியின் நன்மையைக் காட்டி இந்தக் கேள்விகளின் வாயை அடைப்பதைத்தான் எதிர்க்கிறோம்.

மார்க்கம் கற்பிக்கும் எல்லை

அமானிதங்களை அவற்றிற்கு உரியவர்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று அந்நிஸா அத்தியாயத்தின் 58ஆம் வசனம் கட்டளையிடுகிறது. அமானிதம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது பணமும் நகையும்தான். ஆனால் ஒருவர் ஒரு செய்தியைச் சொல்லிவிட்டு, யாரேனும் கேட்டுவிட்டார்களோ என்று திரும்பிப் பார்த்தாலே அந்தச் செய்தி அமானிதமாகிவிடும் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்களின் பொன்மொழி ஒன்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளது. ‘யாரிடமும் சொல்லாதே’ என்று அவர் வாய்திறந்து கேட்க வேண்டியதில்லை. திரும்பிப் பார்த்தாலே போதும். மருத்துவரின் அறையில் கதவு சாத்தப்பட்ட பிறகுதான் நம் பெண்கள் தம் நோயைச் சொல்லத் தொடங்குகின்றனர். அந்தச் சாத்திய கதவே அவர்களின் நிபந்தனை. அறைக்குள் சொன்னது கணினியில் ஏறி, அங்கிருந்து வேறு கணினிகளுக்குச் செல்லும்போது அந்த நிபந்தனை காலாவதியாகிவிடுமா?

பிறர் இல்லத்தில் அனுமதி பெறாமல் நுழையக் கூடாது; திரும்பிச் செல்லுமாறு கூறப்பட்டால் திரும்பிவிட வேண்டும் என்பது அந்நூர் அத்தியாயத்தின் 27, 28 ஆகிய வசனங்கள் வகுக்கும் ஒழுங்கு. அனுமதி கேட்கும் விதியே பார்வையை முன்னிட்டுத்தான் ஏற்படுத்தப்பட்டது என்பதை, தம் அறைக்குள் துவாரத்தின் வழியாக எட்டிப் பார்த்த மனிதரிடம் நபி (ஸல்) அவர்கள் கடுமையாக உணர்த்திய நிகழ்ச்சியைப் புகாரியிலும் முஸ்லிமிலும் காண்கிறோம். அம்மனிதர் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கவில்லை. எதையும் திருடவும் இல்லை. பார்த்ததே குற்றமாயிற்று. மருத்துவ ஏட்டை வேலையின்றித் திறந்து பார்க்கும் ஊழியரும் எதையும் திருடுவதில்லை, பார்க்கிறார், அவ்வளவுதான். அந்த ‘அவ்வளவுதான்’ மார்க்கத்தில் எவ்வளவு பாரதூரமானது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. பிறர் குறைகளைத் துருவி ஆராய்வதையும் புறம் பேசுவதையும் அல்ஹுஜுராத் அத்தியாயத்தின் 12ஆம் வசனம் ஒரே இடத்தில் வைத்துத் தடுப்பதும் சிந்திக்கத்தக்கது. துருவல் முதலில் நிகழ்கிறது. புறம் பேசுதல் அதன் பின்னே வருகிறது.

அல்லாஹ்வுக்குத் தெரிந்ததுதானே என்று வாதிடுவோர் ஒன்றை மறந்துவிடுகின்றனர். அல்லாஹ் அனைத்தையும் அறிந்தவன். அறிந்தும் அடியானின் குறையை மறைப்பவன். சக முஸ்லிமின் குறையை மறைப்பவருடைய குறையை மறுமையில் அல்லாஹ் மறைப்பான் என்னும் நற்செய்தியும் நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. அறிந்தும் மறைக்கும் இறைவனின் அறிவை, அறிந்தவுடன் பரப்பும் மனிதனின் அறிவோடு ஒப்பிடுவது எப்படிச் சரியாகும்?

மார்க்க அறிஞர்கள் இவ்விஷயத்தை விட்டுவைக்கவும் இல்லை. 1993ஆம் ஆண்டு ஜூன் மாதம் புருணையின் பந்தர் செரி பெகவானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி, மருத்துவத் தொழிலின் இரகசியம் குறித்துத் தனித் தீர்மானமே இயற்றியது. நோயாளியின் இரகசியம் அமானிதம், அதனை வெளியிடுவது மோசடி என்பது அதன் அடிப்படை. மறைப்பதால் விளையும் தீங்கு வெளியிடுவதன் தீங்கைவிடப் பெரிதாகும் இடங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு.

அந்த விலக்கை நாமும் ஏற்கிறோம். நிக்காஹ் பேசும்போது துணைக்குத் தொற்றக்கூடிய நோயை மறைப்பது மோசடி. உரியவரிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும். ஆனால் உரியவர் ஒருவர், ஊர் அன்று. 1995இல் சென்னை மருத்துவமனை ஒன்றில் இரத்தம் கொடுத்த நாகாலாந்து மருத்துவர் ஒருவருக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பது தெரியவந்து, செய்தி வெளியே சென்று, நிச்சயிக்கப்பட்ட திருமணம் நின்றது. அவர் தொடுத்த வழக்கில், மணமகளாக இருந்தவரின் உடல்நல உரிமையே மேலானது என்று 1998இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மணமகள் அறிந்தது நியாயம் என்றே நாமும் சொல்வோம். ஆனால் செய்தி அவரோடு நிற்கவில்லை. சமூகத்தால் ஒதுக்கப்பட்டு அந்த மனிதர் தம் ஊரைவிட்டே வெளியேறினார். அதற்கு எந்த ஃபிக்ஹிலும் விலக்கு இல்லை. உரிய ஒருவருக்குச் சொல்வதற்கும் ஊருக்கே சொல்வதற்கும் இடையில் உள்ள அந்தக் கோட்டைத்தான் பகிரப்படும் மின்னணு ஏடுகள் ஒவ்வொரு நாளும் சோதிக்கின்றன.

ஒப்புதல் எனும் சடங்கு

‘ஒப்புதல் பெற்றுத்தானே பகிர்கிறோம்’ என்று அரசு கூறுகிறது. தாளில் அது உண்மை. 2020 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்டு, நம் அண்டைப் பகுதியான புதுச்சேரி உள்ளிட்ட ஆறு யூனியன் பிரதேசங்களில் சோதிக்கப்பட்ட திட்டம், 2021 செப்டம்பர் 27 அன்று ஆயுஷ்மான் பாரத் டிஜிட்டல் மிஷன் என்ற பெயரில் நாடெங்கும் தொடங்கப்பட்டது. ஒவ்வொருவருக்கும் 14 இலக்க எண் ஒன்று தரப்படுகிறது. அதற்கு ‘ஆபா’ என்று பெயர். ஏடுகள் அனைத்தும் ஒரே இடத்தில் குவிக்கப்படுவதில்லை. அவை அந்தந்த மருத்துவமனையிலேயே இருக்கும். நோயாளி ஒப்புதல் அளித்தால் மட்டுமே இன்னொருவருக்குச் செல்லும். கொடுத்த ஒப்புதலைத் திரும்பப் பெறலாம். எண்ணைப் பெறுவதே கட்டாயமில்லை. இவையெல்லாம் நல்ல விதிகள். எழுதியவர்களைப் பாராட்டலாம்.

ஆனால் வரிசையில் நிற்கும் ஓர் உம்மாவிடம் இவ்விதிகளில் ஒன்றையேனும் எடுத்துச் சொல்பவர் யார்? ‘ஆதார் குடுங்கம்மா, போனுக்கு நம்பர் வந்திருக்கும் பாருங்க, சொல்லுங்க’ என்பதோடு ஒப்புதல் முடிந்துவிடுகிறது. அவர் ஆறு இலக்கங்களை உரக்கப் படிக்கிறார். பின்னால் நிற்பவரும் கேட்கிறார். எதற்கு ஒப்புக்கொண்டோம் என்பது அவருக்குத் தெரியாது. கொரோனாத் தடுப்பூசிக் காலத்தில் இதுவும் நடக்கவில்லை. கோவின் தளத்தில் ஆதாரைக் கொடுத்துத் தடுப்பூசி போட்டுக்கொண்ட ஏராளமானோருக்கு, அவர்கள் கேட்காமலேயே சுகாதார எண் உருவாக்கப்பட்டது. சான்றிதழைப் பார்த்த பிறகே பலருக்கு அது தெரியவந்தது. 2025ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆபா எண்கள் 70 கோடியைத் தாண்டின. அவற்றுள் அறிந்து பெற்றவை எத்தனை என்று கேட்கும் உரிமை நமக்கு உண்டு.

இன்னொன்றையும் கவனியுங்கள். நம் வீடுகள் பலவற்றில் மருத்துவமனையில் கொடுக்கப்படும் கைப்பேசி எண் நோயாளியுடையதாக இருப்பதில்லை. தம்பியுடையதாக இருக்கும், மருமகனுடையதாக இருக்கும். மனைவியின் கர்ப்பப்பைப் பரிசோதனை முடிந்துவிட்டது என்ற குறுஞ்செய்தி கொழுந்தனாரின் கைப்பேசியில் போய் விழுகிறது. குழந்தையின்மைக்காக இருவர் மட்டும் அறியச் சிகிச்சை பெறும் தம்பதியரின் செய்தி குடும்பம் முழுவதற்கும் பொதுவாகிறது. எந்தக் கணினித் திருடனும் தேவைப்படாத கசிவு இது.

கட்டாயமில்லை என்பதற்கும் ஓர் எல்லை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2017 முதல் கர்ப்பிணிகள் பிக்மி தளத்தில் பதிந்து பெறும் ஆர்.சி.எச். எண் இருந்தால்தான் குழந்தையின் பிறப்புச் சான்றிதழ் எளிதில் கிடைக்கும் என்ற நிலை ஏற்பட்டது. தாய்மார் இறப்பைக் குறைக்கக் கர்ப்பங்களைக் கண்காணிப்பது தேவையானது. அதில் தமிழ்நாடு பெருமைப்படத்தக்க பணி செய்திருக்கிறது. ஆயினும் பிறப்புச் சான்றிதழைப் பிணையாக வைத்துப் பெறுவது விருப்ப ஒப்புதல் ஆகாது. கட்டாயமாக வாங்கிய அமானிதத்துக்குப் பொறுப்பு இரட்டிப்பாகும்.

பூட்டு உடைந்த இடங்கள்

பாதுகாப்பாகத்தான் வைத்திருக்கிறோம் என்பது அடுத்த வாக்குறுதி. அதன் வரலாற்றைப் பார்ப்போம்.

2022 நவம்பர் 23 அன்று டெல்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் கணினிகள் முடக்கப்பட்டன. ஏறத்தாழ இரண்டு வாரங்கள் வெளிநோயாளர் பதிவும் பரிசோதனைகளும் கையெழுத்திலேயே நடந்தன. ஐந்து சர்வர்களில் இருந்த ஏறத்தாழ 1.3 டெராபைட் தகவல்கள் பூட்டப்பட்டதாக அரசே நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. நாட்டின் முதன்மையான மருத்துவமனையின் நிலை அது. 2023 ஜூனில், கைப்பேசி எண்ணைத் தட்டினால் தடுப்பூசி போட்டவரின் பெயரும் அடையாள எண்ணும் போட்ட இடமும் காட்டும் டெலிகிராம் கணக்கு ஒன்று வெளிப்பட்டது. கோவின் தளம் உடைக்கப்படவில்லை என்று அரசு மறுத்தது. பின்னர் பீகாரில் கைதும் நடந்தது.

நம் மாநிலத்துக்கே வருவோம். சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தின் வாடிக்கையாளர் தகவல்கள் டெலிகிராமில் கேட்டவருக்குக் கேட்டபடி கிடைப்பதை 2024 செப்டம்பரில் ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் வெளிப்படுத்தியது. பெயர், முகவரி, அடையாள அட்டை ஆகியவற்றோடு பரிசோதனை முடிவுகளும் நோயறிக்கைகளும் அவற்றில் இருந்தன. 3 கோடிக்கும் மேற்பட்டோரின் தகவல்கள் தன்னிடம் இருப்பதாகத் திருடியவன் கூறிக்கொண்டான். நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகித் தடையாணை பெற்றது; தாக்குதல் நடந்ததை ஒப்புக்கொண்டது. தடையாணை டெலிகிராமைக் கட்டுப்படுத்தலாம். ஏற்கெனவே இறக்கிக்கொண்டவர்களின் கைகளிலிருந்து ஒரு தாளையேனும் மீட்குமா? வங்கி அட்டை தொலைந்தால் புதியது வாங்கலாம். கடவுச்சொல் கசிந்தால் மாற்றலாம். உங்கள் கல்லீரலின் வரலாற்றை எப்படி மாற்றுவீர்கள்?

இந்தியாவின் அலட்சியம் இது, வெளிநாட்டில் நடக்காது என்று எண்ணுவோருக்கு, நம்மவர் ஏராளமாக வாழும் சிங்கப்பூர் பாடம் சொல்கிறது. 2018இல் அங்கே சிங்ஹெல்த் மருத்துவக் குழுமத்தின் கணினிகளிலிருந்து 15 லட்சம் நோயாளிகளின் விவரங்கள் திருடப்பட்டன. பிரதமரின் மருந்துக் குறிப்புகளும் அவற்றுள் அடங்கும். அதைவிடக் கொடியது 2019 ஜனவரியில் தெரியவந்தது. எச்.ஐ.வி. பதிவேட்டிலிருந்த 14,200 பேரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், பரிசோதனை முடிவு அனைத்தும் இணையத்தில் வெளியிடப்பட்டன. அவர்களில் 8,800 பேர் வெளிநாட்டவர். அந்தப் பதிவேடு வெளியே போனதற்குக் காரணம் கணினித் தாக்குதல் அன்று. பதிவேட்டைப் பார்க்கும் அதிகாரம் பெற்றிருந்த மருத்துவர் ஒருவர் வழியாகவே அது கசிந்தது. பூட்டு உடையவில்லை, சாவி வைத்திருந்த கையே திறந்தது.

ஆயினும் சிங்கப்பூருக்கும் நமக்கும் ஒரு வேறுபாடு உண்டு. 2018 திருட்டுக்குப் பின் அங்கே பொது விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை மக்கள் முன் வைக்கப்பட்டது. பொறுப்பான இரு அமைப்புகளுக்கும் சேர்த்து 10 லட்சம் சிங்கப்பூர் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. எய்ம்ஸில் நடந்தது என்ன என்பதற்கு அப்படியோர் அறிக்கையை நாம் படித்திருக்கிறோமா?

சிற்றூரின் கண்கள்

இவையெல்லாம் பெருநகரக் கதைகள் என்று திட்டக்குடியில் இருப்பவர் எண்ணலாம். உண்மையில் சிற்றூரில் இந்த ஆபத்து கூடுதல். டெலிகிராமில் தகவல் விற்பவனுக்கு நீங்கள் யாரென்று தெரியாது. நம் ஊரில் கணினி முன் அமர்ந்திருப்பவருக்கு உங்கள் வாப்பாவையும் தெரியும். உங்கள் மகளுக்கு வரன் பார்ப்பதும் தெரியும். 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வந்து சர்க்கரையும் அழுத்தமும் பார்க்கும் தன்னார்வலப் பெண்மணி பெரும்பாலும் அதே பகுதியைச் சேர்ந்தவர். அவருடைய பணி மகத்தானது. வெளியே செல்ல இயலாத நம் முதியோர் பலருக்கு அவரே மருத்துவமனை. ஆனால் அறிந்ததை வெளியே சொல்லக் கூடாது என்ற பயிற்சியும், மீறினால் என்ன நேரும் என்ற விதியும் இல்லாமல் அவர் கையில் தகவலைக் கொடுப்பது அவருக்கும் அநீதி, நமக்கும் அநீதி.

கசிந்த செய்தி நம் சமூகத்தில் எங்கே போய்த் தைக்கும் என்று நமக்குத் தெரியாததன்று. காசநோயிலிருந்து முற்றிலும் குணமான பெண்ணின் நிக்காஹ் தடைபடும். மனநல மருத்துவரை ஒருமுறை பார்த்ததே குடும்ப வழக்கில் ஆயுதமாகும். லால்பேட்டை, பரங்கிப்பேட்டை, நெல்லிக்குப்பம் என நம் மாவட்டத்தின் ஊர்களிலிருந்து வளைகுடா செல்வோர் கட்டாய மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுகின்றனர். ஒரு மையத்தில் தகுதியற்றவர் என்று பதிவானால் அந்த முடிவு ஒரு நாட்டோடு நிற்பதில்லை. வளைகுடா நாடுகளுக்குப் பொதுவான அமைப்பில் ஏறிவிடுகிறது. அங்கே ஒரு சொல் தவறாகப் பதிவானால் ஒரு குடும்பத்தின் வாழ்வாதாரமே தடைபடும். ‘மறைக்க என்ன இருக்கிறது’ என்போர் அந்த இளைஞரிடம் போய் அதைச் சொல்லட்டும்.

2020ஐ அதற்குள் மறந்துவிட்டோமா?

நம் சமுதாயம் இக்கேள்வியில் அலட்சியமாக இருக்க இன்னொரு காரணத்தாலும் உரிமை இல்லை. 2020 மார்ச் இறுதியில் டெல்லி நிஜாமுத்தீன் மர்கஸுக்குச் சென்று வந்தவர்கள் தாமாக முன்வருமாறு தமிழக அரசு கேட்டுக்கொண்டது. பலர் முன்வந்தனர், பரிசோதனைக்கு உட்பட்டனர். பிறர் உயிரைக் காக்கத் தம் உடல்நிலையை ஒப்படைத்த அந்தச் செயல் அமானிதத்தின் உயர்ந்த வடிவம். பதிலுக்குக் கிடைத்தது என்ன? நாள்தோறும் தொற்றின் எண்ணிக்கை அந்த ஒரு நிகழ்வோடு சேர்த்து அறிவிக்கப்பட்டது. பெயரும் முகவரியும் தொலைபேசி எண்ணும் அடங்கிய பட்டியல்கள் பல மாநிலங்களில் வாட்ஸ்அப்பில் சுற்றின. நோய் ஒரு மதத்தின் பெயரைப் பெற்றது. நோய்க்கு மதச் சாயம் பூசாதீர்கள் என்று அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமியே வேண்டுகோள் விடுக்க நேர்ந்தது. வெளிநாட்டிலிருந்து வந்த ஜமாஅத்தினர் பலிகடா ஆக்கப்பட்டனர் என்று கருதி, அவர்கள்மீதான வழக்குகளை மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு அவ்வாண்டு ஆகஸ்ட் 21 அன்று ரத்து செய்தது. நோயாளிகளின் வீட்டு வாசலில் அறிவிப்பு ஒட்டும் வழக்கத்தை டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் கட்டுப்படுத்தியது. அதற்குள் ஒட்டியவை ஒட்டப்பட்டுவிட்டன, பரவியவை பரவிவிட்டன.

ஒரு மருத்துவப் பட்டியல் ஒரு சமுதாயத்துக்கு எதிரான ஆயுதமாக மாறச் சில நாட்களே போதும் என்பதை இந்நாட்டில் நம்மைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அன்று கையால் தொகுத்த பட்டியல்கள். இனி ஒரே விசையில் தொகுக்கலாம். இதைச் சொல்வது சோதனைக்கு முன்வராதீர்கள் என்பதற்காக அன்று. முன்வருவோரின் நம்பிக்கையைக் காப்பதே பொது சுகாதாரத்துக்கும் அரண். நம்பிக்கை உடைந்தால் மக்கள் நோயை மறைப்பர். மறைத்த நோய் ஊரையே பிடிக்கும்.

சட்டம் யார் பக்கம்?

2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் கொண்ட உச்ச நீதிமன்ற அமர்வு, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. 2018இல் மத்திய சுகாதார அமைச்சகம் மருத்துவத் தகவல்களுக்கென்றே ‘திஷா’ எனும் தனிச் சட்ட வரைவை வெளியிட்டது. அது சட்டமாகவே இல்லை. அதன் இடத்தில் 2023 ஆகஸ்டில் பொதுவான டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகள் 18 மாத அவகாசத்துக்குப் பின்னரே, அதாவது 2027 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வரும்.

அச்சட்டத்தில் மூன்று குறைகள் உள்ளன. முதலாவது, மருத்துவத் தகவலுக்குத் தனித் தகுதி இல்லை. முந்தைய வரைவுகளில் கூடுதல் பாதுகாப்புக்குரியதாக வைக்கப்பட்டிருந்த நோய் வரலாறு, இப்போது கடைக்காரரிடம் கொடுக்கும் கைப்பேசி எண்ணோடு ஒரே தட்டில் வைக்கப்பட்டுள்ளது. இரண்டாவது, அரசு தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள இடம் இருக்கிறது. நம் ஏடுகளில் பெரும்பகுதி அரசிடமே இருக்கும்போது இது வேலியே பயிரை மேய அனுமதிப்பதாகும். மூன்றாவதுதான் கொடுமை. பாதுகாக்கத் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம்; ஆனால் அத்தொகை இந்தியத் தொகுப்பு நிதியில் சேரும். ஏடு கசிந்தவருக்கு ஒரு ரூபாயும் இல்லை. பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு கிடைக்க வழிவகுத்திருந்த தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43ஏ பிரிவும் புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வரும்போது நீக்கப்பட்டுவிடும். அமானிதம் வைத்தவரின் பொருள் தொலைந்தது. தண்டம் அரசுக் கருவூலத்துக்குப் போனது. எந்த ஊர்ப் பஞ்சாயத்திலாவது இப்படியொரு தீர்ப்பைக் கேட்டதுண்டா?

நம் கைகளைப் பார்ப்போம்

அரசையும் நிறுவனங்களையும் கேள்வி கேட்கும் தகுதி நமக்கு வர வேண்டுமானால் நம் கைகள் தூய்மையாக இருக்க வேண்டும். ‘ஏழைச் சகோதரிக்கு அறுவைச் சிகிச்சை, உதவுங்கள்’ என்ற வேண்டுகோள் நம் குழுக்களில் வாரம் தவறாமல் வருகிறது. கூடவே அவருடைய ஸ்கேன் அறிக்கை, ஆதார் அட்டை, வீட்டு முகவரி, மருத்துவமனைக் கட்டிலில் கிடக்கும் படம். ஸதகா செய்யத் தூண்டுவது நல்லமல். அதற்கு ஒரு பெண்ணின் கர்ப்பப்பை அறிக்கையை முந்நூறு ஆண்களுக்குக் காட்டுவது எந்த மார்க்கத்தில் உள்ளது? சிகிச்சை முடிந்து அவர் குணமாகி ஐந்தாண்டு கழிந்த பிறகும் அந்தப் படம் சுற்றிக்கொண்டிருக்கும். உதவி பெற்றவருக்கு மானத்தை விலையாகக் கேட்பது உதவி ஆகாது. கொடுத்த தர்மத்தைச் சொல்லிக்காட்டி நோவினை செய்து அதைப் பாழாக்கிவிட வேண்டாம் என்ற எச்சரிக்கை அல்பகரா அத்தியாயத்தின் 264ஆம் வசனத்தில் இருக்கிறது.

நோய் விசாரிக்கச் செல்லும் சுன்னத்திலும் ஓர் அடக்கம் வேண்டும். துஆச் செய்யப் போகிறோம்; கோப்பைப் புரட்டப் போகவில்லை.

செய்ய வேண்டியவை

மருத்துவமனையில்: ஆபா எண் கட்டாயமில்லை, அதைக் காரணம் காட்டிச் சிகிச்சையை மறுக்க முடியாது. எதற்காகக் கேட்கிறீர்கள், யார் பார்ப்பார்கள் என்று கேட்டுவிட்டுக் கொடுங்கள். கைப்பேசிக்கு வரும் எண்ணை உரக்கப் படிக்காமல் திரையைக் காட்டுங்கள். இயன்றவரை நோயாளியின் சொந்த எண்ணையே கொடுங்கள். உங்கள் ஏட்டின் நகலைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது 2002ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதி. கேட்டு வாங்கி ஒரே கோப்பில் வையுங்கள்.

ஜமாஅத்தில்: உதவி வேண்டுகோள்களை நிர்வாகிகள் இருவர் மட்டும் சரிபார்க்கட்டும். ‘சரிபார்த்தோம், இன்ன தொகை தேவை’ என்ற ஓர் அறிவிப்பு போதும். பெயர், அறிக்கை, படம் எதுவும் வெளியே வர வேண்டியதில்லை. இதை மஹல்லாவின் தீர்மானமாகவே எழுதி வைக்கலாம். ஜும்ஆ உரைகளில் வட்டியையும் வரதட்சணையையும் பேசும் ஆலிம் பெருமக்கள் இந்த அமானிதத்தையும் பேச வேண்டும்.

மருத்துவத் துறையில் பணியாற்றும் நம் பிள்ளைகளுக்கு: உங்கள் கடவுச்சொல்லைச் சக ஊழியருக்குக் கொடுப்பது வீட்டுச் சாவியைக் கொடுப்பதற்கு ஒப்பாகும், அந்த வீடு உங்களுடையதும் அன்று. உறவினர் யாரோ கேட்டார் என்பதற்காக ஓர் ஏட்டைத் திறக்காதீர்கள்.

அரசிடம்: மருத்துவத் தகவலுக்குத் தனிச் சட்டம் வேண்டும். ஏடு கசிந்தால் உரியவருக்கு இழப்பீடு வேண்டும். எஸ்தோனியா நாட்டில் தன் ஏட்டை எந்த மருத்துவர் எப்போது திறந்தார் என்பதை நோயாளியே இணையத்தில் பார்க்கலாம். அந்த ஒரு வசதியை இங்கும் கட்டாயமாக்கினால், வேலையின்றி எட்டிப் பார்க்கும் கண்களில் பாதி தாமாகவே தாழ்ந்துவிடும். இக்கோரிக்கைகளை நம் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர்களிடம் எழுத்தில் கொடுப்போம். இது முஸ்லிம்களுக்கான சலுகை அன்று. வரிசையில் நமக்கு முன்னும் பின்னும் நிற்கும் எல்லாச் சகோதரருக்குமான நீதி.

சகோதரர்களே! அமானிதம் பாழ்படுத்தப்படுவதை மறுமை நாளின் அடையாளங்களில் ஒன்றாக நபி (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். நம் உடலே நமக்கு அமானிதமாகத் தரப்பட்டது. அதன் வேதனைகள் எழுதப்பட்ட ஏட்டைப் பற்றி ‘மறைக்க என்ன இருக்கிறது’ என்று இனி எவரேனும் கேட்டால், ‘மறைக்க மானம் இருக்கிறது’ என்று சொல்லுங்கள்.

வல்ல அல்லாஹ் நம் குறைகளை மறைத்து, நம் நோயாளிகளுக்குப் பூரண ஷிஃபாவை வழங்கி, அமானிதத்தைப் பேணும் மக்களாக நம் அனைவரையும் ஆக்கி அருள்வானாக! ஆமீன்.